இசக்கித்தாயின் மூன்று டப்பாக்கள்

எனக்குக் காய்ச்சல் விட்டு மூன்று நாள்தான் ஆகியிருந்தது. விரலில் நடுக்கம் போகவில்லை. ஒரு நாளைக்கு நாற்பது கட்டு பீடி சுற்றுகிறவள், அன்று மத்தியானம் வரைக்கும் பன்னிரண்டு கட்டுதான் சுற்றியிருந்தேன். சாயங்காலம் பீடிக்கடையில் கட்டு குறைந்தால் அடுத்த வாரம் இலையைக் குறைத்துவிடுவார்கள். மனதுக்குள் அல்லாவிடம் முறையிட்டுக்கொண்டே லுஹர் தொழுகைக்கு எழுந்து உள்ளே போனேன். தொழுது முடித்துத் திரும்பி வந்து பார்த்தால், என் தட்டில் ஆறு கட்டு கூடியிருந்தது.

பீடி சுற்றுகிறவர்களுக்குத் தெரியும். ஒவ்வொருத்தர் கையெழுத்தும் வேறாக இருப்பதுபோல் பீடியின் வாயை மடக்குகிற விதமும் ஆளுக்கு ஆள் வேறு. நான் இடப்பக்கமாக மடக்குவேன். அந்த ஆறு கட்டும் வலப்பக்கமாக மடங்கியிருந்தன. கூட உட்கார்ந்து சுற்றுகிற எங்கள் மூன்று பேரில் அப்படி மடக்குகிறவள் இசக்கித்தாய் ஒருத்திதான். நான் அவளைப் பார்த்தேன். அவள் தலையை நிமிர்த்தவே இல்லை. “என்னக்கா, தூள் வேணுமா?” என்று மட்டும் கேட்டாள்.

முக்கூடலில் ஆற்றுக்கு இறங்குகிற தெருவில் என் வீடு. முன்கூடத்தைப் பட்டாசாலை என்போம். அங்கேதான் நாங்கள் மூவரும் பீடித்தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவோம். என் பெயர் பாத்து. ஐந்தாவது வரைக்கும் படித்தவள். எதிர்வீட்டு முத்துராணி எங்களில் சின்னவள், வாய்க்காரி. இசக்கித்தாய் பக்கத்துத் தெருவில் ஒற்றை அறையில் தனியாக இருந்தாள். கட்டிவந்த ஊர் இது. புருசன் இறந்தபிறகும் இலை, தூள் வாங்குவதற்கான பீடிக்கடைப் பதிவுப் புத்தகம் இங்கே இருந்ததால் இங்கேயே தங்கிவிட்டாள். பிறந்த ஊர் மணிமுத்தாறுப் பக்கம். அங்கே அவளுடைய அம்மா ஒண்டியாக இருந்தார்கள். இசக்கித்தாயின் பெயரும் அம்மாவின் ரேஷன் கார்டில்தான் இருந்தது.

அவளுக்கு முப்பத்தெட்டு வயதானபோது இருமல் பிடித்துக்கொண்டது. புகையிலைத் தூள் நெஞ்சில் இறங்குகிறது, அதன் பக்கத்தில் உட்காருவதை நிறுத்தினால்தான் இருமல் நிற்கும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். நிறுத்தினால் எதைச் சாப்பிடுவது? அந்தச் சமயத்தில்தான் அவள் அம்மா ஒரு செய்தி சொல்லி அனுப்பினார்கள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருக்கும் அம்மாள் இன்னும் இரண்டு வருடத்தில் ஓய்வு பெறப் போகிறார். அந்த ஊர்க்காரப் பெண், புருசன் இல்லாதவள் என்றால் முன்னுரிமை உண்டு. ஆனால் பத்தாவது பாஸ் செய்திருக்க வேண்டும், வயது நாற்பதைத் தாண்டக் கூடாது.

இசக்கித்தாய் பதினைந்து வயதில் பத்தாவது எழுதியவள். சமூக அறிவியல் ஒன்றில் மட்டும் தவறிவிட்டாள். மறுபடி எழுத யாரும் அனுப்பவில்லை. மடியில் பீடித்தட்டு ஏறிவிட்டது.

“ஒரே ஒரு பேப்பருக்கா,” என்றாள் என்னிடம். “இருவத்தி மூணு வருசமா என் காலச் சுத்திக் கெடக்கு. அத அவுத்துருதேன்.”

முத்துராணி விடுவாளா? “அவுத்துட்டு எங்கன ஓடப் போற? கலெக்டர் ஆபீசுக்கா?”

“சத்துணவுக் கூடத்துக்கு. வா, ஒனக்கு ரெண்டு முட்டை எடுத்து வைக்கேன்.”

பழைய பாடமெல்லாம் மாறிப்போயிருந்தது. புதுப் புத்தகம் வாங்கினாள். அதிலிருந்து ஒவ்வொரு பதிலையும் ஒரு தாளில் எழுதி, எதிர்ச்சுவரில் ஒரு கயிறு கட்டி, துணிக்குப் போடுகிற கிளிப்பால் மாட்டினாள். ஒரு கட்டுக்கு இருபத்தைந்து பீடி. ஒரு கேள்விக்கு ஒரு கட்டு என்று கணக்கு வைத்தாள். ஒரு பீடி சுற்றி முடிப்பதற்குள் பதிலை ஒரு தடவை சொல்வாள். கட்டு முடியும்போது இருபத்தைந்து தடவை ஆகியிருக்கும். இலையை எடுக்கும்போது முதல் வரி, தூளைப் பரப்பும்போது இரண்டாம் வரி, சுருட்டும்போது மூன்றாவது, வாயை மடக்கி நூலைச் சுற்றும்போது முடிவு. கேட்க ஓதுவது போலவே இருக்கும். நாலைந்து மாதத்தில் தாளைப் பார்க்காமலே கடகடவென்று ஒப்பித்தாள். கேட்டுக் கேட்டு எங்களுக்கே பாதி வந்துவிட்டது.

“எங்க வீட்டு ஆடுகூட இப்போ முதல் உலகப் போருக்குக் காரணம் சொல்லும்,” என்பாள் முத்துராணி.

ஜூலையில் தனித்தேர்வு. அம்பாசமுத்திரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் போட்டிருந்தார்கள். அவள் இசக்கியம்மனைக் கும்பிட்டுவிட்டுப் போனாள், நான் இரண்டு ரக்அத் தொழுதுவிட்டுக் காத்திருந்தேன். மத்தியானத்துக்கு மேல் திரும்பி வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“கேள்வியெல்லாம் தெரிஞ்ச கேள்விக்கா. நம்ம தெருக்காரிய எல்லாரையும் ஒண்ணா சந்தையில பாத்த மாரி சந்தோசமா இருந்துச்சு. ஆனா ஒருத்திகூட என்கிட்டப் பேசமாட்டேங்கா. மொத வரி வருது. அதுக்கு மேல வரல.”

கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் மேசைக்கு அடியில் விரலை அசைத்துப் பார்த்திருக்கிறாள். இலை இல்லாமலே சுருட்டியிருக்கிறாள். அப்படிச் செய்ததும் இரண்டு வரி கூடுதலாக வந்ததாம். அதற்குள் கண்காணிப்புக்கு நின்ற டீச்சர் பார்த்துவிட்டார். “கையில என்ன மறைக்குற? எழுந்திரு” என்று அதட்டியிருக்கிறார்.

“நீ என்ன சொன்ன?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் இல்ல டீச்சர், பீடி சுத்துதேன்னு சொல்லிட்டேன்.”

ஹாலில் இருந்த பிள்ளைகள் எல்லாம் சிரித்திருக்கிறார்கள். சேலை முந்தானையை உதறிக் காட்டச் சொல்லி, ஒன்றும் இல்லை என்று தெரிந்தபிறகு உட்காரச் சொன்னார்களாம். அதற்குப் பிறகு அவளுக்கு ஒன்றுமே ஓடவில்லை.

ஆகஸ்டில் முடிவு வந்தது. இருபத்தொன்பது மார்க். முப்பத்தைந்து வேண்டும்.

மறுநாள் காலையில் இசக்கித்தாய் வந்தாள். தட்டை எடுக்கவில்லை. பட்டாசாலை நடுவில் நின்று இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“பாத்துக்கா, ஒரு கேள்வி கேளுங்க.”

புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் பார்த்து, ஒத்துழையாமை இயக்கம் பற்றிக் கேட்டேன். நின்றாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பிறகு உட்கார்ந்து தட்டை மடியில் வைத்து ஓர் இலையை எடுத்தாள். அவ்வளவுதான், தண்ணீர் திறந்துவிட்டது மாதிரி பதில் வரிவரியாக வந்தது. பாதியில் இலையைக் கீழே வைத்தாள். அங்கேயே நின்றுபோனது.

“பாத்தியளா? படிச்சது என் கைக்குத் தெரியுதுக்கா. எனக்குத் தெரியல.”

“அப்போ அடுத்த தடவ தட்டயும் தூக்கிட்டுப் போ,” என்றாள் முத்துராணி.

“விடுவாங்கன்னா போயிருவேன் ளா.”

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. இன்னொரு கேள்வி கேட்கச் சொன்னாள். கேட்டேன். அப்போது இன்னொன்றும் தெரிந்தது. பதிலின் நடுவிலிருந்து ஏதாவது கேட்டால் அவளுக்குச் சொல்ல வரவில்லை. முதல் வரியிலிருந்து ஓடி வந்தால்தான் அந்த இடத்துக்கு வந்து சேர முடிந்தது.

அந்தச் சனிக்கிழமை மூவரும் பீடிக்கடைக்குச் சுமந்துகொண்டு போனோம். செக்கர் மாரிசெல்வம் அண்ணாச்சி எப்போதும் மேலே இருக்கிற கட்டை எடுக்கமாட்டார். மேலே நல்லதை அடுக்கி வைப்போம் என்று அவருக்குத் தெரியும். நடுவில் கையைவிட்டு ஒரு கட்டை உருவுவார். அதைப் பிரித்து, அதிலும் நடுவிலிருந்து ஒரு பீடியை எடுத்து விரலால் அழுத்திப் பார்ப்பார். தளர்ந்திருந்தால் தனியாக ஒதுக்கிவிடுவார். ஒதுக்கியதை நாம் திரும்பச் சுற்றிக் கொண்டுபோக வேண்டும்.

திரும்பி வரும் வழியில் இசக்கித்தாய் திடீரென்று நின்றாள்.

“அண்ணாச்சி மாரி என்னயச் செக் பண்ணணும்க்கா. நான் இவ்வளவு நாளும் அடுக்கி அடுக்கி வச்சேனே தவிர, ஒருநாளாவது உருவிப் பாத்தனா?”

அன்று ஆரம்பித்ததுதான். கயிற்றில் மாட்டிய தாளையெல்லாம் கழற்றினாள். தினசரி நாள்காட்டியில் கிழித்த தாள்களை எங்கள் மூன்று வீட்டிலிருந்தும் சேர்த்தாள். வெறுமையாக இருக்கும் பின்பக்கத்தில் ஒரு தாளுக்கு ஒரு கேள்வி எழுதினாள். பதில் எழுதவில்லை. பதில் புத்தகத்தில் இருந்தது, புத்தகம் மூடியிருந்தது. முதலில் சொல்லிப் பார்க்க வேண்டும், பிறகுதான் திறந்து சரிபார்க்க வேண்டும் என்பது அவள் போட்டுக்கொண்ட சட்டம். முன்பெல்லாம் பார்த்துப் பார்த்துச் சொன்னவள் இப்போது பார்க்காமல் திணறினாள். கேட்கப் பாவமாக இருக்கும். நான் இரக்கப்பட்டு முதல் வார்த்தையை எடுத்துக் கொடுப்பேன்.

“எடுத்துக் குடுக்காதிங்கக்கா,” என்பாள். “அம்பாசமுத்திரத்துக்கு நீங்க கூட வருவியளா?”

பிறகுதான் டப்பாக்கள் வந்தன. எங்கள் தெரு முனையில் மதரஸா இருக்கிறது. பிள்ளைகள் ஓதுகிற சத்தம் பட்டாசாலை வரைக்கும் கேட்கும். ஒருநாள் அவள் காது கொடுத்துக் கேட்டுவிட்டு என்னிடம் கேட்டாள்.

“அந்தப் பயலுவ புதுசு ஓதுறதுக்கு முன்னாடி நேத்து ஓதுனத ஓதுதானுவ. போன வாரம் ஓதுனதயும் ஓதுதானுவ. தெரிஞ்சத எதுக்குக்கா திரும்ப?”

“புதுசு ஏற ஏற பழசு எறங்கிரும் புள்ள. எறங்க முன்னாடி புடிச்சிக்கிடணும்,” என்றேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அதை அவள் தன் வழிக்கு மாற்றிக்கொண்டாள். மூன்று டப்பா எடுத்தாள். ஒன்று காபித்தூள் டப்பா, ஒன்று பிஸ்கட் டப்பா, மூன்றாவது மூடி நசுங்கிய ஹார்லிக்ஸ் டப்பா. முதல் டப்பாவின் பெயர் தினம். இரண்டாவது வெள்ளி. மூன்றாவது அமாவாசை. புதுக் கேள்வியும், திணறிய கேள்வியும் தினத்தில் கிடக்கும், அதை அன்றாடம் எடுத்துக் கேட்க வேண்டும். திணறாமல் சொன்னால் வெள்ளிக்குப் போகும். வெள்ளிக்கிழமையும் மனதில் நின்றால் அமாவாசைக்குப் போகும். எந்த டப்பாவில் தவறினாலும், செக்கர் ஒதுக்கின பீடி மாதிரி, திரும்பத் தினத்துக்கே வந்து விழும்.

கேட்கிற இடத்தையும் மாற்றினாள். பட்டாசாலையில் தட்டோடு இருக்கும்போது படிப்பே கிடையாது. ஆற்றில் துணி துவைக்கப் போகும்போது, ரேஷன் கடை வரிசையில், பஸ் ஸ்டாண்டில் என்று எங்கேயாவது டப்பாவில் கையைவிட்டு ஒரு தாளை உருவி நான் கேட்க வேண்டும். அவள் கையைக் கட்டிக்கொண்டு சொல்வாள். ரேஷன் கடையில் ஒரு கிழவர், “இந்தப் புள்ளைக்கு என்ன, சாமி வந்திருக்கா?” என்று கேட்டுவிட்டார்.

ஐப்பசி அமாவாசையன்று மூன்றாவது டப்பாவைத் திறந்தோம். முப்பது தாள் இருந்தது. பதினொன்று தவறிப்போயிற்று. எனக்கே மனது விட்டுப்போனது. முத்துராணி தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, “பேசாம விட்டுரு இசக்கி. மாசக்கணக்காச் சொல்லியும் நிக்கல பாரு. ஒன் தலை ஓட்டைத் தலை” என்றாள்.

இசக்கித்தாய் அந்தப் பதினொரு தாளையும் எண்ணித் தினம் டப்பாவில் போட்டாள். கொஞ்ச நேரம் இருமினாள். தண்ணீர் குடித்தாள்.

“ஓட்டை எங்கன இருக்குன்னு பட்டாசாலையில தெரிஞ்சிது நல்லதுல்லா. போன தடவ ஹாலுக்குப் போயில்லா தெரிஞ்சிது.”

முத்துராணியின் வாயும் கடைசியில் அவளுக்கு உதவிற்று என்றுதான் சொல்ல வேண்டும். உப்புச் சத்தியாகிரகத்தை ஒரு நாள் இசக்கித்தாய் வருடம், ஊர் எல்லாம் சேர்த்துச் சரியாகச் சொல்லி முடித்தாள். முத்துராணி நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே, “எதுக்கு ளா உப்புக்குப் போயி அவ்வளவு தூரம் நடக்கணும்? கடையில வாங்கிக்கிட வேண்டியதுதான?” என்றாள்.

புத்தகத்தில் இருந்ததை இசக்கித்தாய் சொன்னாளே தவிர, ஏன் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. அன்று சாயங்காலம் புத்தகத்தை வைத்துக்கொண்டு அந்தப் பாடத்தை முன்னும் பின்னும் தேடிப் படித்தாள். மறுநாள் முத்துராணியின் முன்னால் வந்து நின்றாள்.

“கேளு. உப்புக்கு வெள்ளைக்காரன் வரி போட்டிருந்தான். கடல் நம்ம கடல். கடக்கரையில இருக்க உவரிக்காரன் வீட்டு வாசல்ல உப்பு வெளஞ்சாலும் அள்ளக் கூடாதும்பான். நீயும் சோத்துல உப்புப் போடுவ, பண்ணையாரும் போடுவாரு. அதான் எல்லார் வீட்டுக்கும் புரியுத ஒண்ணா எடுத்தாங்க. இப்போ வெளங்குச்சா?”

“வெளங்குச்சு. ஆனா நீ நேத்தே சொல்லியிருக்கணும்,” என்றாள் முத்துராணி.

அதிலிருந்து ஒவ்வொரு கேள்விக்கும் முத்துராணி ஒரு ‘எதுக்கு’ போட வேண்டும் என்று இசக்கித்தாய் வேலை கொடுத்துவிட்டாள். அப்படி யோசித்துச் சொன்ன கேள்விகள் அமாவாசை டப்பாவிலிருந்து திரும்பி வரவே இல்லை.

வரைபடத்துக்கு ஒரு வழி செய்தாள். தரையில் சாக்கட்டியால் இந்தியாவை வரைந்து, கழித்த இலைத் துணுக்கை மலையாக வைத்து, பீடி நூலை ஆறாக விட்டாள். எல்லா நூலும் கிழக்கே போகும், நம் தாமிரபரணி போலவே. “இந்த நர்மதையும் தபதியும் மட்டும் வீட்டுல கோவிச்சிக்கிட்டு மேக்க போவுதுவ” என்பாள். எனக்கே அது மறக்கவில்லை. பிறகு எல்லாவற்றையும் கூட்டித் தள்ளிவிட்டு, வெறுந்தரையில் மறுபடி வைத்துப் பார்ப்பாள்.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும், கல்யாண வீட்டு மேசை ஒன்றும் வந்தன. காலை பத்து மணிக்கு அதில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் எழுதப் போவதாக இசக்கித்தாய் சொன்னாள். பரீட்சை எப்படி இருக்குமோ அப்படியே பழக வேண்டுமாம். முத்துராணிதான் டீச்சர். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மரக்கரண்டியோடு அங்கும் இங்கும் நடந்தாள்.

“ஏளா, அங்கன என்ன பார்வை? பாத்துக்கா கிட்ட பிட்டு வாங்குதியா?”

“டீச்சர், பைய நடங்க. தரை அதிருது.”

சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தார்கள். ஒரு மணி நேரம் போனதும் இசக்கித்தாயின் முகம் மாறிவிட்டது. பீடி சுற்றிச் சுற்றி வளைந்த விரல் பேனாவைப் பிடிக்க மறுத்தது. கட்டைவிரல் இழுத்துக்கொண்டது. இடது கையால் அதை நீவிவிட்டு எழுதினாள். மூன்று மணி நேரம் முடிவதற்குள் எழுந்திருக்கவில்லை. அடுத்த ஞாயிறும், அதற்கடுத்த ஞாயிறும் உட்கார்ந்தாள். நான் என் தொழுகையில் அவளுடைய விரலுக்கும் சேர்த்து துஆ கேட்டேன்.

ஏப்ரலில் அதே அம்பாசமுத்திரம், அதே பள்ளிக்கூடம். அவளுக்கு நாற்பது முடிய மூன்று மாதம் இருந்தது. இந்தத் தடவை தவறினால் இன்னொரு தடவை இல்லை என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். சாயங்காலம் பஸ்ஸைவிட்டு இறங்கி நேரே என் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். அதைப் பார்த்ததுமே எனக்கு மூச்சு வந்தது.

“ரெண்டாவது பக்கத்துல ஒரு கேள்வி நின்னுபோச்சுக்கா. கை பைய அசையப் பாத்துது. மேசை மேல எல்லாருக்கும் தெரிய விரிச்சு வச்சிக்கிட்டேன். ரேசன் கடை வரிசையில நின்னத நெனச்சேன். அந்தக் கிழவர் சாமி வந்திருக்கான்னு கேட்டாருல்லா, அந்த எடத்துல சொன்ன பதிலுதான் அது. வந்துட்டு.”

மே மாதம் முடிவு வந்தது. அறுபத்து நாலு. செய்தி வந்ததும் மாரிசெல்வம் அண்ணாச்சி அவள் கட்டைப் பிரிக்காமலே எடுத்து உள்ளே வைத்தார். இசக்கித்தாய்தான், “பிரிச்சுப் பாருங்க அண்ணாச்சி, பிரிக்காம எடுத்தா எனக்கு ஒப்பாது” என்று சொல்லித் திரும்பப் பிரிக்க வைத்தாள்.

ஜூனில் விண்ணப்பம் போட்டாள். நேர்முகத்துக்குப் போய் வந்தாள். எத்தனையோ பேர் வந்திருந்தார்களாம். ஆவணி, புரட்டாசி என்று ஒன்றும் வராமல் போனது. அவள் விடாமல் பீடியும் சுற்றினாள், அமாவாசைதோறும் டப்பாவையும் திறந்தாள். “பரீட்சைதான் முடிஞ்சிட்டே, இன்னும் என்னத்துக்கு?” என்று முத்துராணி கேட்டாள். “நான் படிச்சது எனக்கில்லா?” என்றாள் இவள். கார்த்திகையில் ஆர்டர் வந்தது. அல்ஹம்துலில்லாஹ், நான் எங்கள் வீட்டில் பாயாசம் வைத்தேன்.

அவள் ஊருக்குப் போன அன்று நானும் முத்துராணியும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். சாமான் அதிகம் இல்லை. ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பை. பீடித்தட்டை முத்துராணிக்குக் கொடுத்துவிட்டாள். டப்பாக்கள் மூன்றும் பைக்குள் இருந்தன. பன்னிரண்டாவது எழுதப் போகிறாளாம். அதற்கும் நாள்காட்டித் தாள் சேர்த்து வைக்கச் சொல்லி எங்களிடம் கட்டளை.

பஸ்ஸில் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். இருமல் நன்றாகக் குறைந்திருந்தது. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, “எங்கள மறந்திராத புள்ள. எங்களையும் ஒரு தாள்ல எழுதி அமாவாசை டப்பாவுல போட்டுக்கோ. அதுல போட்டது நிக்கும்லா” என்றேன்.

பஸ் நகர ஆரம்பித்தது. அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள்.

“இல்லக்கா. ஒங்க ரெண்டு பேரையும் தினத்துலதான் போட்டிருக்கேன். மறந்திருவேன்னு இல்ல. தெனமும் ஒருக்கா எடுத்துப் பாக்கலாம்லா.”